முகம் பார்க்காத நண்பர்களோடு சிலேடையும் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பள்ளித் தோழர்கள், ஒரே ஊர்க்காரர்கள், இளையராஜா ரசிகர்கள், மாடித்தோட்டக்காரர்கள் என்று எதற்காகச் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும் சரி, சில வாரத்தில் பேச்சு தேர்தலுக்கோ நீட்டுக்கோ கோயிலுக்கோ போய்விடும். பாதிப் பேரை நேரில் பார்த்திருக்கவே மாட்டோம். குரல்கூடத் தெரியாது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம், நடுவில் யாராவது ஒரு சிலேடை போட்டுச் சிரிக்கவும் வைப்பார். இந்தக் கூத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சிலவும், எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

கடி ஜோக்கும் சிலேடையும் ஒன்றா?

உறவுக்காரர்கள்தான். ஆனால் சிலேடைக்கு இலக்கணமே இருக்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமல் அப்படியே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்துப் படித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. (2004-இல் மத்திய அரசு அறிவித்த செம்மொழிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை வைத்தே ஒரு குழுவில் அரை மணி நேரம் சண்டை நடந்தது.)

"வாக்கு கொடுத்து வாக்கு வாங்கினார், இப்போது இரண்டும் அவரிடம் இல்லை" என்றால் முதல் வகை. இரண்டாவதற்குத் தமிழறிஞர் கி.வா.ஜகந்நாதன் பேரில் சொல்லப்படும் கதை போதும். கூட்டத்தில் ஒலிவாங்கி பழுது. மாற்றி வைத்ததும் பழுது. "இம்மைக்கும் பயனில்லை, மறுமைக்கும் பயனில்லை" என்றாராம். இம் மைக், மறு மைக். கார் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளியபோது, "நான் தள்ளாதவன்" என்று அவர் உட்கார்ந்தே இருந்ததாகவும் ஒரு கதை உண்டு.

கடி ஜோக்கில் சத்தம் மட்டும் பொருந்தினால் போதும். நல்ல சிலேடையில் இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். தள்ளாத வயதும் காரைத் தள்ளாததும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்ததால்தான் அது நிற்கிறது.

எதற்கெடுத்தாலும் காளமேகத்தை ஏன் இழுக்கிறார்கள்?

அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால். 15-ஆம் நூற்றாண்டுப் புலவர் என்பார்கள். பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்ததைப் பாருங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரில்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்பு ஆடி முடித்ததும் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகும். ஆடும்போது பாம்பும் சீறும், செக்கும் இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும், எண்ணெய் நம் முகத்தைக் காட்டும். தலைக்கு ஏறினால் விஷமும் பரபரக்கும், எண்ணெயும் பரபரக்கும். எனக்குப் பிடித்தது பிண்ணாக்கு. எள்ளுக்கு அது சக்கை. பாம்புக்கோ பிளந்த நாக்கு. நான்கு வரியில் ஓர் இடத்தில்கூடப் பாம்பும் எள்ளும் ஒன்றை ஒன்று தள்ளிவிடவில்லை.

குழுவில் யாராவது ஒரு கட்சிப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு "நான் காளமேகம் வம்சம்" என்று மார்தட்டினால் இந்த வெண்பாவை அனுப்புங்கள். கொஞ்ச நேரம் அமைதி கிடைக்கும்.

கல்வி பற்றிய சண்டையில் சிலேடை உதவுமா?

உதவும், ஓர் எல்லை வரை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவனும் நீட்டைப் பற்றி இரண்டு மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் நீட் வேண்டாம் என்பவர். பையன் வேண்டும் என்பவன்.

"நீட்டை நீக்கணும்னு சொல்லிட்டு நீங்க நீட்டிக்கிட்டே போறீங்களே சார்."

"நீ குறுக்கே வராம இருந்தா நான் சுருக்கமா முடிச்சிருப்பேன் தம்பி. நீட்டல் ஒரு விகாரம்னு நன்னூலே சொல்லுது."

செய்யுளில் சொல் மாறும் விதங்களை வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று நன்னூல் அடுக்கும். செய்யுள் விகாரங்கள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். அவர் அதை எடுத்து நீட் தலையில் வைத்துவிட்டார். இரண்டு தரப்பும் சிரித்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அடுத்து அந்தப் பையன் கேட்டதுதான் முக்கியம்: "சிரிச்சாச்சு சார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகும் அநியாயம்னு எப்படிச் சொல்றீங்க? அதுக்கு இன்னும் பதில் வரல."

சரியான கேள்வி. அந்த ஒதுக்கீடு 2020-இல் வந்தது. ஆசிரியரும் சிரிப்பை விட்டுவிட்டு, தனியார் பயிற்சிக்குக் கட்ட வேண்டிய பணம், ஒரே தேர்வுக்காகத் திரும்பத் திரும்ப வருடத்தை ஒதுக்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று பேச ஆரம்பித்தார். சிலேடை அவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தது. பதிலை அவர் தனியாகத்தான் தர வேண்டியிருந்தது.

கல்வி வாதத்தில் இறங்கும் முன் எதைத் தெரிந்துகொண்டால் நல்லது?

பாதிச் சண்டை "யாருக்கு அதிகாரம்" என்பதில்தான் முட்டி நிற்கிறது. அதனால் முதலில் இது: கல்வி ஒருகாலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. இது தெரியாமல் "மத்திய அரசு எப்படி நுழையலாம்" என்பவரும் "மாநிலத்துக்கு என்ன உரிமை" என்பவரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்.

அடுத்தது, 1968 ஜனவரியில் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம், அதாவது பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்பது. நீட் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு முழுதாக வந்தது 2017-இல். அதிலிருந்து விலக்குக் கேட்டு 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். இவ்வளவு தெரிந்தால் எந்தப் பக்கம் நின்றும் பேசலாம்.

அப்படியென்றால் சொல் விளையாட்டால் வாதத்தில் ஜெயிக்கவே முடியாதா?

சிலேடையால் முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பெயர் சூட்டலால் முடியும். அதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

1953-இல் ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது அதன் சாரம். அரசாங்கம் அதற்கு வைத்த நீளமான பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. எதிர்த்தவர்கள் வைத்த பெயர் "குலக்கல்வித் திட்டம்". செருப்புத் தைப்பவர் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்ற கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது. பெயர் மட்டும் இன்றைக்கும் எந்தக் கல்வித் திட்டம் வந்தாலும் எட்டிப் பார்க்கிறது.

அந்தச் சொல் ஜெயித்ததற்குக் காரணம் எதுகை மோனை இல்லை. திட்டத்தின் நடைமுறை விளைவு என்னவாக இருக்கும் என்பதை அது சுட்டியது. அதே சொல்லை இன்று ஏதோ ஒரு பாடத்திட்ட மாற்றத்தின் மேல் சும்மா ஒட்டினால், ஏன் பொருந்துகிறது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அது வெறும் வசை.

எதுகைக்கும் இடம் உண்டுதான். 1967 தேர்தலில் தி.மு.க.வின் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" இன்னும் நினைவில் நிற்கிறது. லட்சியம், நிச்சயம் என்ற இயைபு மட்டும் நிற்க வைக்கவில்லை, அரிசித் தட்டுப்பாடு உலுக்கிய காலம் அது.

எதிராளியின் பெயரை, கட்சியைத் திரித்து விளையாடலாமா?

கருத்தைத் திரித்தால் சிரிப்பார்கள், பெயரைத் திரித்தால் முறைப்பார்கள். தலைவர்களைக் கிண்டல் செய்வது வேறு. அவர்கள் பொது வாழ்க்கைக்கு வந்தவர்கள், அதற்குத் தோல் தடிமன் வேண்டும். ஆனால் குழுவில் இருக்கும் சக மனிதரை "சங்கி", "உபி", "தும்பி", "அடிமை" என்று கட்சிக்கொரு வசைப்பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்ததும், அவர் அதன் பிறகு சொல்லும் எதையும் யாரும் படிப்பதில்லை. அவர் என்ன சொல்வார் என்று முத்திரை குத்தியவருக்கு முன்கூட்டியே தெரியுமாம்.

இந்த வரிசையில் எனக்கு அறவே பிடிக்காதது "தற்குறி". கையெழுத்துப் போடத் தெரியாதவர் பத்திரத்தில் இடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர், அதை இடுபவருக்கும் அதுவே பெயரானது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள்? கல்வி உரிமைக்காக முழங்கிக்கொண்டே இன்னொருவரைத் தற்குறி என்பவரைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சாதி, உடல், ஊனம், வீட்டுப் பெண்கள், இவற்றை வைத்துச் செய்யும் சிலேடைக்குப் பதில் ஒன்றுதான்: அட்மின் நீக்கிவிட வேண்டும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

"மதம் பிடிக்கும்" சிலேடையை நான் போடலாமா?

யானைக்கு மதம் பிடித்தால், மனிதனுக்கு மதம் பிடித்தால் என்பதுதானே? வேண்டாம். உங்கள் குழுவில் ஏற்கெனவே நான்கு பேர் போட்டிருப்பார்கள். நால்வரும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, மதம் பற்றிப் பேசவே கூடாது என்று விதி போட்டுவிடலாமா?

பல குழுக்களில் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் சமய வாதம் நேற்று தொடங்கியதில்லை. மணிமேகலையில் ஒரு காதை முழுக்க அவள் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அதற்கும் முன்னால், இந்திர விழாவுக்கு முரசறைபவன் புகார் நகரில் இப்படி அறிவிக்கிறான்:

ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்
பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்

சமயவாதிகளே, பட்டிமண்டபத்தில் முறை தெரிந்து ஏறுங்கள். பகைவரோடு ஆனாலும் கோபமும் கலகமும் செய்யாமல் விலகிப் போங்கள். ஒரு குழு விதிக்கு வேறென்ன வேண்டும்? பேசாதே என்று முரசறைபவன் சொல்லவில்லை. எப்படி ஏற வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்று சொல்கிறான். நான் இருக்கும் குழு ஒன்றின் விளக்கப் பகுதியில் இந்த நான்கு வரிதான் போட்டிருக்கிறது. பாதிப் பேருக்குப் புரியாததால் அர்த்தம் கேட்கிறார்கள், அதனாலேயே படித்தும் விடுகிறார்கள்.

முறை தவறினால் எங்கே போய் முடியும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. வள்ளலாரின் பாடல்கள் 1867-இல் "திருவருட்பா" என்ற பெயரில் அச்சாயின. அருட்பா என்று சொல்லத் தேவாரம், திருவாசகம் போன்றவற்றுக்கே தகுதி என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு மறுத்தது. அருட்பாவா மருட்பாவா என்று ஊர் இரண்டானது. அருளுக்கும் மருளுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கேட்கும்போது அழகான சொல் விளையாட்டு. ஆனால் அது 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. வள்ளலார் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்த பிறகும், இரு தரப்பு ஆதரவாளர்களும் அடுத்த நூற்றாண்டு வரை துண்டு நூல் போட்டுத் திட்டிக்கொண்டார்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மத உணர்வைப் புண்படுத்தும் தீய நோக்கோடு வேண்டுமென்றே செய்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. "சும்மா சிலேடைக்குச் சொன்னேன்" என்பதைக் காவல் நிலையத்தில் தண்டியலங்காரத்தை வைத்து விளக்க முடியாது.

ஒருவர் குத்தலாகச் சொல்லிவிட்டு, "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று நழுவினால்?

இதற்கும் காளமேகமே முன்னோடி. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் சாப்பாடு வர வெகுநேரம் ஆனது. பசியில் பாடினார்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி யெழும்

பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். சத்திரத்துக்காரர் பதறிக் கெஞ்சினாராம். உடனே அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார்: ஊரெல்லாம் உணவு அற்றுப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மையைப் பார்த்து வெள்ளியே எழுந்து ஓடும்.

கதையாகக் கேட்க ருசியாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், சத்திரத்துக்காரரின் மனம் நொந்தது தெரிந்ததும் புலவர் பொருளை மாற்றினார். நம் ஆட்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது தெரிந்ததும் மாற்றுகிறார்கள். முதல் பொருளை எல்லாரும் புரிந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, மாட்டினால் இரண்டாவதைக் காட்டுவது கோழைத்தனம். அப்படி நழுவுபவரிடம் "சரி, அந்த அர்த்தம் இல்லையென்றால் எதிர் அர்த்தத்தை இங்கேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆளைக் காணோம்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களோடு சிலேடை ஆடுவது எப்படி?

ஆட வேண்டாம், அவர்களே ஆடிவிடுவார்கள். ஆங்கில எழுத்தில் வலியும் வழியும் வளியும் ஒன்றுதான், பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். "enga oor pallikku vaal illai" என்று ஒருவர் எழுத, பல்லியின் வாலை இல்லை, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் (wall) இல்லாததைச் சொல்கிறார் என்று புரியக் குழுவுக்குக் கால் மணி நேரம் ஆனது. குரல் தட்டச்சு வந்த பிறகு நிலைமை இன்னும் விசேஷம். ஆனால் வாதத்தின் நடுவில் எதிராளியின் எழுத்துப் பிழையைப் பிடித்துத் தொங்குவது, பதில் தீர்ந்துபோனதற்கான அறிகுறி.

காமராசர் சொன்னது, கலாம் சொன்னது என்று வரும் படங்களை என்ன செய்வது?

எங்கே, எப்போது பேசியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் படத்தை வாதத்தில் சேர்க்காதீர்கள். உங்கள் கட்சிக்குச் சாதகமான படத்துக்கும் இதே விதிதான், அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறோம்.

யாரோ எழுதியதற்கு அட்மின் மேல் வழக்கு வருமா?

உறுப்பினர் பதிவிட்டதற்காக மட்டும் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. அட்மினும் கூட்டுச் சேர்ந்து செய்தால் கதை வேறு. பயத்தில் எதையெடுத்தாலும் அழிக்கும் அட்மின்களுக்கு இது கொஞ்சம் தெம்பு தரும். எதையும் கண்டுகொள்ளாத அட்மின்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவு முட்டிக்கொண்ட பிறகு நட்பு மிஞ்சுமா?

பெரியாரும் ராஜாஜியும் ஒருகாலத்தில் காங்கிரஸில் ஒன்றாக இருந்தவர்கள். அப்புறம் அரசியல், கல்வி, மதம் மூன்றிலும் எதிரெதிர். 1938-இல் ராஜாஜி அரசின் கட்டாய இந்தியை எதிர்த்து பெரியார் சிறைக்குப் போனார். 1953-இன் கல்வித் திட்டத்தை எதிர்த்ததிலும் முன்னால் நின்றார். கடவுள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் போய்க் கண்ணீர் விட்டார். தன் கருத்தில் ஒன்றைக்கூட அவர் அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் அறிந்தவர்கள் என்பது பெரிய வித்தியாசம்தான். அதனால், ஒருவரோடு தொடர்ந்து சண்டை வருகிறது என்றால் ஒரு தடவை தொலைபேசியில் பேசிப் பாருங்கள். எழுத்தில் உறுமுபவர் குரலில் பெரும்பாலும் "சாப்ட்டீங்களா சார்" என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய அரசியல் மாறாது. நீங்கள் அடுத்த பதிலைத் தட்டும் வேகம் மாறும்.

முடியவில்லை, குழுவை விட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். நீளமாகக் காரணம் எழுத வேண்டுமா?

வேண்டாம். "கனத்த இதயத்தோடு" என்று தொடங்கும் கடிதத்துக்கு அடியில் இரண்டு பேர் கும்பிடு போடுவார்கள், மூன்றாவது ஆள் அதிலேயே ஒரு சிலேடை போடுவார். வாட்ஸ்அப்பில் 2022-இலிருந்து நீங்கள் வெளியேறினால் அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும். போக மனமில்லை என்றால் ஒலியை அடைத்துவிட்டு, தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள்.